அம்மாவின் பெட்டியை யார் திறப்பது?



குமரி மாவட்டத்தில் பிறந்து, அலுவல் காரணமாகச் சென்னையில் குடியமர்ந்துவிட்ட அன்பர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் வரைந்துள்ளார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் அதனை விடுத்து, செய்தியை மட்டும் இங்கே தருகின்றோம்.

அன்பரின் தந்தையார் பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு இறைவனடி சேர்ந்தார். அன்னையாருக்கு வயது 78. ஊரில் ஓட்டு வீட்டில் தனியே இருக்கின்றார். வரும் மே மாத இறுதியில் அவரைச் சென்னைக்கு அழைத்து வந்து தம்முடன் வைத்துக்கொள்வதென்றும், ஊர் வீட்டை விற்றுவிடுவதென்றும் அன்பர் முடிவு செய்திருக்கின்றார். இனி அவர் எழுத்திலேயே கேளுங்கள்:

“சென்னைக்கு வர அம்மா மறுக்கவில்லை. ஆனால் வீட்டிலுள்ள பொருள்களில் ஒரு துரும்பைக்கூடக் கழிக்க விடமாட்டேன் என்கிறார்கள். பரணில் குத்துப்போணி மூன்று, உருளி இரண்டு. அரங்கு நிறைய ஓலைப்பெட்டிகள். அப்பாவின் நாட்குறிப்புகள் இருபது ஆண்டுகளுக்கு உரியவை. கை போன சுரூபங்கள், மாதா படம் போட்ட பழைய காலண்டர்கள், காய்ந்த குருத்தோலைகள். பொத்தான்கள் நிறைந்த பிஸ்கட் டப்பாக்கள். கம்பி மட்டும் எஞ்சிய ஒரு குடை. எங்கள் வீடோ இரண்டே படுக்கையறைகள் கொண்டது. அம்மாவைப் பத்து நாள் என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நானும் மனைவியும் போய் எல்லாவற்றையும் ஒழித்துவிடலாம் என்றிருக்கிறோம். கண்ணெதிரே செய்தால்தானே வருத்தம்? இரண்டு நாள் அழுவார்கள், பிறகு பழகிவிடும். அதன் பின் அவர்கள் மனத்தில் நல்ல எண்ணங்களை வளர்ப்பது எப்படி என்று தாங்கள் எழுத வேண்டும்.”

பெற்ற தாயைத் தனியே விட மனம் ஒப்பாத மகனின் கடிதம் இது. அவர் அன்பில் நமக்கு ஐயமில்லை. எனினும் அந்தப் பத்து நாள் ஏற்பாட்டை மட்டும் கைவிடுமாறு அவரை மிகவும் வேண்டிக்கொள்கின்றோம். காரணத்தைச் சொல்ல வேண்டுமாயின், நாம் அறிந்த மற்றொரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அது திருச்சிப் பக்கத்துக் குடும்பம். தாயார் கண்புரை அறுவைக்காக மூத்த மகள் வீட்டுக்குச் சென்று மூன்று வாரம் தங்கியிருந்தார். அந்த வேளையில் ஆண் பிள்ளைகள் இருவரும் கூடி வீட்டுக்கு வெள்ளையடித்து, மின்விசிறி மாட்டி, தரைக்கு ஓடு பதித்து, அடைசலையெல்லாம் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார்கள். புதுக் கண்ணோடு வரும் அம்மா புது வீட்டைக் காணட்டும் என்பதே அவர்கள் ஆசை. அம்மையாரும் வந்தார்; சுற்றிப் பார்த்தார்; “நல்லா இருக்குப்பா” என்றார். பின்னர் உள்ளறைக்குச் சென்று சற்று நேரம் நின்றுவிட்டு வெளியே வந்து, “அந்த நீலப் பெட்டி எங்கேப்பா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அது துருப்பிடிச்சு ஓட்டையாப் போச்சும்மா” என்றான் இளையவன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

அப்பெட்டியில் இருந்தவை ஒரு சிறு சட்டையும், பாதி எரிந்த திருமுழுக்கு மெழுகுவர்த்தியும். எட்டு மாதத்தில் இறந்துபோன குழந்தை ஒன்று அந்த அம்மையாருக்கு இருந்தது. மூத்த மகளுக்கு மட்டும் அது மங்கலாக நினைவுண்டு. பின்னால் பிறந்த ஆண் மக்களுக்கு அப்படியொரு குழந்தை இருந்ததே சரியாகத் தெரியாது. புகைப்படம் எடுத்து வைக்கும் வசதியில்லாத காலம். அந்தச் சட்டையைத் தவிர அக்குழந்தைக்கு இவ்வுலகில் வேறு சான்று இல்லை. அன்று முதல் அம்மையார் யாரிடமும் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டார். கொடுத்ததை உண்டார்; சொன்ன இடத்தில் படுத்தார். பல ஆண்டுகள் கழித்து மகள் இதனை நம்மிடம் சொல்லும்போது, “எங்க அம்மா எங்களைத் திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்” என்று சொல்லி அழுதார்.

அப்பிள்ளைகள் தீயவர்கள் அல்லர். நம் அன்பரைப் போலவே நல்லது செய்யப் போனவர்கள்தாம். பெட்டியைத் திறந்து பார்த்திருப்பார்களா என்றால், பார்த்தும் இருக்கலாம். பழஞ்சட்டை ஒன்றையும் மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றையும் கண்டு மூடியிருப்பார்கள். அதன் பொருளைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அங்கே இல்லை.

முதியோர் பழம்பொருள்களைப் பிடித்துக்கொண்டிருப்பதும், பழங்கதையையே திரும்பத் திரும்பச் சொல்வதும் அறிவு தளர்வதன் அடையாளம் என்று மருத்துவர்களே எண்ணியிருந்த காலமுண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-இல் எழுதிய கட்டுரை ஒன்று அக்கருத்தை மாற்றிற்று. வாழ்வின் இறுதிப் பகுதியை எட்டியோர் தம் கடந்த காலத்தை எடுத்து விரித்துப் பார்த்து, தீராதவற்றைத் தீர்த்து, கணக்கு முடிக்க முயல்வது இயல்பான மனத்தொழில் என அவர் எடுத்துரைத்தார். இன்று முதியோர் இல்லங்கள் பலவற்றில் பழம் பாத்திரம், பழம் படம் முதலியவற்றைக் கையில் கொடுத்துப் பேசவைப்பதையே ஒரு சிகிச்சையாகச் செய்கின்றார்கள். நம் வீட்டுப் பரணில் அந்தச் சிகிச்சைக்கு வேண்டிய பொருள்கள் செலவில்லாமல் கிடக்கின்றன. நாமோ அவற்றை எடைக்குப் போட ஆள் தேடுகின்றோம்!

நல்ல எண்ணங்களை வளர்ப்பது பற்றி அன்பர் கேட்டிருக்கின்றார். அதற்கும் ஒரு செய்தி சொல்லுவோம். டேவிட் ஸ்னோடன் என்னும் ஆய்வாளர் அமெரிக்காவில் நோத்ரு தாம் பள்ளிச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த கன்னியரிடையே 1986-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். 75 வயதைக் கடந்த கன்னியர் 678 பேர் அதில் பங்கு பெற்றார்கள். அவர்களிற் பலர் இருபது வயதை ஒட்டிய பருவத்தில், சபைத் தலைவியின் கட்டளைப்படித் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாகக் கைப்பட எழுதித் தந்திருந்தார்கள். அத்தாள்கள் மடத்து ஆவணங்களிடையே அறுபது ஆண்டுக்காலம் கிடந்தன. 180 கன்னியரின் தாள்களை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்ட முடிவு இது: தம் வரலாற்றில் மகிழ்ச்சியையும் நன்றியையும் ஆவலையும் மிகுதியாகக் கூறியிருந்தவர்கள், குறைவாகக் கூறியவர்களை விடப் பொதுவாக நீண்ட காலம் வாழ்ந்திருந்தார்கள். உணவு, உறைவிடம், அன்றாட ஒழுங்கு ஆகியவற்றில் பெரும்பாலும் ஒத்திருந்தவர்கள் என்பதால் இம்முடிவைப் பலரும் போற்றுகின்றார்கள்.

நல்ல மனம் உடலுக்கும் நல்லது என்று இதனைக் காட்டுவோர் பலர். நம் கண்ணில் படுவது வேறொன்று. அக்கன்னியர் எவருக்கும் “நல்லதையே நினையுங்கள்” என்று யாரும் போதிக்கவில்லை. உன் கதையை எழுது என்றார்கள், எழுதினார்கள். அத்தாள்களை அடைசல் என்று கருதி அடுப்பிலிடாத ஒரு மடமும் இருந்தது. நம் அன்பர் வீட்டு நாட்குறிப்புகள் இருபதும் இப்பொழுது உங்கள் நினைவுக்கு வருமென்று எண்ணுகின்றோம்.

துணையை இழந்து ஓராண்டு ஆகாத ஒருவரிடம், வீட்டையும் கிணற்றையும் அண்டை அயலையும் விட்டு வா என்று சொல்லிவிட்டு, உடனே மலர்ந்த முகத்தையும் எதிர்பார்ப்பது நியாயமாகுமா? அழட்டும். அழுதுகொண்டே தம் கையால் ஒவ்வொன்றாக எடுத்து, இது இன்னாருக்கு என்று தீர்ப்பவர்க்கு மனம் தெளியக் காண்கின்றோம். தீர்க்கும் உரிமையே இல்லாதவர்க்கு எத்தனை நல்லுரைகள் சொல்லி என்ன?

ஆகவே அன்பரே, அந்தப் பத்து நாளை விடுமுறையாக எடுத்துக்கொண்டு ஊருக்குச் செல்லுங்கள். அம்மாவும் அங்கேயே இருக்கட்டும். தங்கையாரையும் வரவழையுங்கள். காலைக் கஞ்சி முடிந்தபின் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி. அதற்குமேல் முதியவர்க்குக் களைப்பு வந்துவிடும், களைப்பில் எல்லாமே “இருக்கட்டும்” என்றாகிவிடும். பரணில் ஏறுவது உங்கள் வேலை. அம்மாவை ஏணிப் பக்கமே விடாதீர்கள். காற்றோட்டமான இடத்தில் அவர்களுக்கு முதுகு சாயும் நாற்காலியைப் போட்டு, ஒரு சமயத்தில் ஒரு பெட்டியை மட்டும் இறக்கிக் காலடியில் வையுங்கள். கதையில்லாத பொருள்களிலிருந்து தொடங்குவது நலம்: பழைய செய்தித்தாள், பிளாஸ்டிக் பை, மூடியில்லாத டப்பா, தேதி கடந்த மாத்திரை. (மாத்திரைகளை மட்டும் மருத்துவரின் சீட்டோடு ஒப்பிட்டு நீங்களே பிரியுங்கள், நிறத்தை நினைவு வைத்து விழுங்குவோர் நம் பங்குகளில் அநேகர்.) புகைப்படங்களைக் கடைசி நாளுக்கு ஒதுக்குங்கள். முதல் நாளே ஆல்பத்தைத் திறந்தால் அன்றைய வேலை அதோடு முடிந்தது.

“இது வேணுமா, வேண்டாமா அம்மா?” என்று கேட்காதீர்கள். அக்கேள்விக்கு வேண்டும் என்பதைத் தவிர வேறு விடை வராது. “இது யாருக்குப் போகணும்மா?” என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறுவதைக் காண்பீர்கள். குத்துப்போணி பேத்திக்கு என்பார். உருளி பங்கின் அசனத்துக்கு என்பார். “இந்தச் சேலையை அடுத்த வீட்டுப் பெண்ணுக்குக் கொடு மக்களே, அப்பா கிடப்பில் இருந்தப்ப அவதான் ராத்திரி வந்து இருந்தா” என்பார். உங்களுக்குத் தெரியாத கடன்கள் சில அப்பொழுது வெளிப்படும். உயிரோடிருக்கும்போதே தம் கையால் கொடுத்து, பெறுபவர் முகத்தைப் பார்க்கும் மகிழ்ச்சியை எதற்காக அவரிடமிருந்து பறிக்க வேண்டும்? சுவீடன் நாட்டில் இதற்கென்று ஒரு சொல்லே வழங்குகின்றது. சாவுக்கு முன்னரே தம் பொருள்களைத் தாமே ஒழுங்கு செய்துவிடுவதைக் குறிக்கும் சொல் அது. மார்கரேத்தா மாக்னுசன் என்னும் மூதாட்டி அதைப் பற்றி 2017-இல் ஒரு நூலே வெளியிட்டார். பிள்ளைகளுக்குச் சுமை வைக்காமற் போவது அங்கே ஒரு மரியாதை. நம் பாட்டிமாரும் தோட்டையும் வளையலையும் பேத்திமாருக்குக் கழற்றிக் கொடுத்தவர்கள்தாமே!

தீர்க்க முடியாதவற்றைப் “பிறகு பார்ப்போம்” என்று ஒரு பக்கம் வைக்கத் தயங்க வேண்டாம். அந்தக் குவியல் பெரிதாயிருந்தாலும் பாதகமில்லை. ஒரு பெட்டியில் கட்டித் தங்கையார் வீட்டில் ஆறு மாதம் கிடக்கட்டும்.

சுரூபங்களையும் குருத்தோலைகளையும் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நம் கத்தோலிக்க இல்லங்களில் இவை சேர்ந்துபோவதற்குக் காரணம் பற்று மட்டுமன்று, அச்சமும்தான். மந்திரித்த பொருளைக் குப்பையில் எறிந்தால் பாவம் என்று முதியோர் அஞ்சுகின்றார்கள். பிள்ளைகள் இரவில் யாருமறியாமல் எடுத்துப் போய்ப் போட்டுவிடுகின்றார்கள். முதியோர் அச்சத்தில் உண்மை இல்லாமல் இல்லை. புனிதப்படுத்தப்பட்ட பொருள்களை வணக்கத்தோடு நடத்த வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அவற்றைக் கழிப்பதற்கும் முறையுண்டு. தீயில் எரிக்கலாம், எரிக்க இயலாததைத் தூய்மையான இடத்தில் மண்ணுக்குள் புதைக்கலாம். குருத்தோலைகளைத் தவக்காலத்திற்கு முன்னர்ப் பங்கில் ஒப்படைத்தால் திருநீற்றுப் புதனுக்கு உரிய சாம்பலாகும். கை போன சுரூபத்தைத் தோட்டத்து மாமரத்தடியில் அம்மாவின் முன்னிலையில் புதைத்து ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். ஐயமிருந்தால் பங்குத் தந்தையை அழையுங்கள்; அவர் சொல்லால் அம்மாவின் மனம் அமைதியுறும். ஒன்றிரண்டைச் சென்னைக்கு எடுத்துச் செல்லவும் வேண்டும். அவர் அறுபது ஆண்டு மன்றாடிய படம் எதுவென்று அவரையே கேளுங்கள். அது சட்டம் உடைந்ததாகவும் இருக்கலாம்.

இன்னொரு வகை அடைசலும் உண்டு. ஓய்வு பெற்ற ஆசிரியர் வீடு என்றதும் அது நம் நினைவுக்கு வந்தது: பொன்னாடைகள்! முதியோரைப் பாராட்டுவதென்றால் நமக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பொன்னாடைதான். திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் சூலை மாத நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியர், முதியோர் உலக நாளாக ஏற்படுத்தியபின், பங்குகளில் பொன்னாடை விற்பனை கூடியிருக்குமோ என்று ஐயுறுகின்றோம். அவ்வாறு சேர்ந்தவற்றைப் புனித வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களும் வேண்டாமென்றால் வியப்பதற்கில்லை.

காகிதங்களுக்கு வருவோம், இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். எந்தக் காகிதத்தையும் கட்டோடு தூக்கி எறியாதீர்கள்; ஒவ்வொரு தாளையும் புரட்டியே ஆக வேண்டும். திருமுழுக்குச் சான்று காணாமற் போனால் பங்குப் பதிவேட்டிலிருந்து மீண்டும் பெறலாம். வீட்டின் மூலப் பத்திரம் போனால் அலைச்சல் பெரிது. தந்தையாரின் ஓய்வூதிய ஆணைப் புத்தகம், அவர் இறப்புச் சான்று, பட்டா, வரி ரசீது, வங்கிப் புத்தகங்கள், வைப்புத் தொகை ரசீதுகள் அனைத்தையும் ஒரே உறையில் சேர்த்து வையுங்கள். பழைய வங்கிப் புத்தகம்தானே என்று எண்ணிவிட வேண்டாம். பத்தாண்டு எவரும் கோராத வைப்புத் தொகையை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் நிதியொன்றுக்கு அனுப்பிவிடும். ஆயினும் உரியவரோ வாரிசுகளோ வங்கி வாயிலாக அதனைக் கேட்டுப் பெறலாம். அவ்வாறு கோரப்படாத தொகைகளைத் தேடிக் காண்பதற்கென்றே உத்கம் என்னும் இணையவழி வசதியை ரிசர்வ் வங்கி 2023-இல் திறந்தது. உங்கள் பிள்ளைகளைக் கொண்டு தேடலாம்.

சேலை மடிப்புகளையும் பாருங்கள். நாம் அறிந்த கைம்பெண் ஒருவர் தம் மணச்சேலையின் மடிப்பில் 1000 ரூபாய்த் தாள்கள் சிலவற்றை வைத்திருந்தார். 2018-இல் பெட்டியைத் திறந்தபோதுதான் மக்களுக்குத் தெரிந்தது. 2016 நவம்பர் 8-ஆம் நாள் அத்தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டு, வங்கியில் செலுத்துவதற்கு அவ்வாண்டு டிசம்பர் 30 வரையே தவணை தரப்பட்டது. “பெட்டிக்கும் குழிக்கும், வர்றவங்களுக்குக் காப்பித் தண்ணிக்கும் ஆகட்டும்னு வச்சேன். உங்களுக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு நெனச்சேன்” என்றாராம். செல்லாது என்ற அறிவிப்பு அவர் காதிலும் விழுந்திருந்தது. அடக்கத்துக்குச் சேர்த்த பணம் என்று சொல்லக் கூச்சப்பட்டு எவரிடமும் மூச்சு விடவில்லை. அவ்விரண்டு ஆண்டில் ஒரு நாளேனும் அவரோடு அமர்ந்து அப்பெட்டியைத் திறந்த பிள்ளை இல்லை.

வீட்டை விற்றுவிடுவது என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். வீடு யார் பெயரில் இருக்கின்றது? தந்தையார் பெயரிலிருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு அம்மாவினுடையது. எஞ்சிய இரண்டு பங்கு மக்கள் அனைவருக்கும் சமம், மகனென்றும் மகளென்றும் வேறுபாடின்றி. குமரி மாவட்டம் முன்பு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்ததால் பழைய திருவிதாங்கூர்ச் சட்டத்தைச் சொல்லிப் பெண்மக்கள் பங்கைக் குறைப்போர் அக்காலத்தில் இருந்தனர். மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு முடிவு கட்டிவிட்டது. எனவே தங்கையார் ஒப்பமின்றி விற்க இயலாது. அம்மாவின் ஒப்பம் வெறும் சடங்கன்று. விற்ற பணத்தில் அவர் பங்கு அவர் பெயரில் வங்கியில் இருப்பதே முறை. அம்மா உயில் எழுத விரும்பினால் சாட்சிகள் இருவர் வேண்டும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. உயிலினால் பயன் பெறுபவரோ அவர்தம் கணவன் மனைவியோ சாட்சியாகக் கையொப்பமிடக் கூடாது. இட்டால் அவருக்கு எழுதியது செல்லாது போகும். இதை அறியாமல் வீட்டு மாப்பிள்ளையையே சாட்சியாக வைப்போர் பலர்.

எல்லாவற்றையும் இப்பொழுதே மகன் பெயருக்கு எழுதித் தந்துவிடுகின்றேன் என்று சொல்லும் தாய்மாரும் உண்டு. 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டம், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதித் தந்த சொத்தை, பராமரியாத பிள்ளையிடமிருந்து மீட்க வழி செய்கின்றது; வருவாய்க் கோட்டாட்சியரிடம் முறையிடலாம். நம் அன்பர் இல்லத்திற்கு அது தேவைப்படாது. எனினும் இவ்விதழைப் படிக்கும் ஏதோ ஒரு பாட்டிக்குத் தேவைப்படலாம் என்பதால் எழுதினோம்.

மருத்துவரை நாட வேண்டிய அடைசலும் ஒன்றுண்டு. என்றும் துப்புரவாயிருந்தவர் திடீரெனக் கண்டதைச் சேர்க்கத் தொடங்கினாலோ, கெட்டுப்போன உணவை ஒளித்து வைத்தாலோ, என் பொருளைத் திருடிவிட்டீர்கள் என்று நாளும் குற்றம் சாட்டினாலோ அதனைப் பிடிவாதம் என்று எண்ணிவிடக் கூடாது. மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம். நடக்க வழியின்றிப் பொருளைக் குவிப்பதும் தனியொரு மன நோயென 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வகைப்படுத்தியுள்ளது. கடிதத்தைப் பார்த்தால் உங்கள் அம்மா அப்படிப்பட்டவரல்லர். பொத்தான்களை டப்பாவில் நிறைத்து வைத்தவர் சிக்கனமான ஆசிரியர் மனைவி, அவ்வளவுதான்.

இனிச் சென்னை வீடு. இரண்டே படுக்கையறைகள் என்று எழுதினீர்கள். அம்மா எங்கே படுப்பார் என்று எழுதவில்லை. கூடத்தில் கட்டில், பொருள்கள் அதன் அடியில் ஒரு பையில் என்பது பல வீடுகளில் நாம் காணும் காட்சி. மாதம் ஒரு பிள்ளை வீடு என்று முறை வைத்துக்கொண்டு, அந்தப் பையோடு சுற்றிவரும் தாய் தந்தையரும் நம் பங்குகளில் இருக்கின்றார்கள். அவர்களுக்கு ஆண்டு முழுவதும் பயணந்தான். வேறெதுவும் செய்ய இயலாவிடினும் ஒன்று செய்யுங்கள்: பூட்டும் சாவியும் உள்ள ஒரு அலமாரியை அம்மாவுக்கென்று ஒதுக்கி, சாவியை அவர் கையில் கொடுங்கள். உங்கள் பிள்ளைகளும் கேட்காமல் அதைத் திறக்கக் கூடாது. ஊரிலே எந்தப் பக்கம் சுவரிருக்கப் படுத்தாரோ அந்தப் பக்கமே கட்டிலைப் போடுங்கள். இரவில் எழும்போது கை தானாக அந்தப் பக்கம் போகும். கழிவறை வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். அடுக்களையில் அவர் பாத்திரம் ஒன்றேனும் இருக்க வேண்டும். இதில் உங்கள் மனைவியாரின் பொறுமைக்கு முன்கூட்டியே நன்றி கூறுகின்றோம். மாமியார் ஊரை விட்டு வரும்போது சமையலறையை இழப்பவர் மருமகளும்தான். அதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அண்டை அயலாரை மூட்டை கட்டி எடுத்துவர முடியாது. ஆகவே வந்த முதல் வாரமே பங்கின் அன்பியக் கூட்டத்திற்கு அம்மாவை அழைத்துச் செல்லுங்கள். அவர் வயதுடையவர் இருவரேனும் அவரைப் பெயர் சொல்லியோ அக்கா என்றோ அழைக்கும் நிலை வரும்வரை அவர் விருந்தாளியாகத்தான் இருப்பார். ஊரில் அந்த அடுத்த வீட்டுப் பெண்ணோடு வாரம் ஒரு முறை செல்லிடப்பேசியில் பேசவும் ஏற்பாடு செய்யுங்கள்.

தந்தையாரின் நாட்குறிப்புகள் இருபதும் சென்னைக்கு வரட்டும். ஒரு முழம் அகலந்தான் பிடிக்கும். மாலைச் செபம் முடிந்ததும் பேரப்பிள்ளைகள் நாள்தோறும் ஒரு பக்கம் படிக்க, பாட்டி அந்நாளில் நடந்ததைச் சொல்லலாம். புகைப்படங்களின் பின்புறம் பெயர்களை மென்மையான பென்சிலால் எழுதிவிடுங்கள். அம்மாவைத் தவிர அப்பெயர்களை அறிந்தவர் இன்று வேறு யாருமிலர்.

முடிக்கும் முன்னர் அன்பரிடம் ஒன்று கேட்க வேண்டும். பொருள்களையெல்லாம் வரிசையாக எழுதி வந்து, கம்பி மட்டும் எஞ்சிய குடை ஒன்றையும் குறிப்பிட்டிருந்தீர்கள். அது யாருடைய குடை? குமரி மழையில் ஆசிரியர் பள்ளிக்குப் பிடித்துச் சென்றதா, அம்மா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்ததா, வேறு ஏதேனுமா என்று நமக்கும் அறிய ஆவல். அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். அவர் அனுமதித்தால் அடுத்த இதழில் வெளியிடுவோம்.